அத்தியாயம் 5: ஒரு தெருவை முடித்துவிட்டு அடுத்த தெரு

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது நாய் வண்டியின் தொலைபேசி எண்ணைத்தான். வண்டி வரும், கையில் சிக்கிய நாலைந்து நாய்களை ஏற்றிக்கொண்டு போகும், சில நாளில் திரும்பக் கொண்டுவந்து விடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தெருவில் புதுக் குட்டிகள். "ஆபரேஷன் பண்ணாங்களே, ஏன் குறையல?" என்று ஊர் கேட்கும். சிக்கியவை பெரும்பாலும் மனிதர்களிடம் வாலாட்டி வரும் ஆண் நாய்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் சந்துக்குள் ஓடிய பெட்டைகள் ஈன்றுவிட்டன. இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப் போவது ஒன்றைத்தான்: பரப்பைச் சிறிதாக எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் இருக்கும் நாய், பூனைகளுக்குக் குறுகிய காலத்தில் கருத்தடையை முடித்துவிடுங்கள், பிறகு அடுத்த தெருவுக்குப் போங்கள்.

பிடித்துக் கொன்றுவிட்டால் எளிதாக முடியுமே என்று கேட்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அவர்களுக்குச் சென்னையின் வரலாற்றைச் சொல்லலாம். மதராஸ் மாநகராட்சி 19-ஆம் நூற்றாண்டிலேயே தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன. நூறாண்டுக்கு மேல் கொன்ற பிறகும் நாய்கள் குறையவில்லை, வெறிநாய்க்கடிச் சாவும் நிற்கவில்லை. கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு 1964-இலிருந்தே கருத்தடை செய்து விடுவதே வழி என்று சொல்லிவந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆனது. 2001-இல் அது மத்திய அரசின் விதியாகி நாடு முழுவதற்கும் வந்தது. இன்று நடப்பில் இருப்பவை 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள்.

கொன்றும் ஏன் குறையவில்லை என்பதற்கான விடை குட்டிகளிடம் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தினர் தெருவில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏழாம் மாதம்வரை பிழைத்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் பெரும்பகுதி வண்டியில் அடிபட்டும், விஷம் வைக்கப்பட்டும், தூக்கிச் செல்லப்பட்டும் மறைந்தன. ஒரு தெருவில் இருக்கும் சோறும் நிழலும் இத்தனை நாய்களைத்தான் தாங்கும். வளர்ந்த பத்து நாய்களை அப்புறப்படுத்தினால் அந்தச் சோற்றுக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வரும், சாக இருந்த குட்டிகளில் இன்னும் சில பிழைக்கும். புதிதாக வருபவற்றுக்கு நம்மைத் தெரியாது, தடுப்பூசியும் போட்டிருக்காது. தன் இடத்தில் நிலைத்திருக்கும், கருத்தடையும் தடுப்பூசியும் ஆன நாய்தான் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அது குட்டி போடாது. வெளி நாயையும் எளிதில் உள்ளே விடாது.

ஜெய்ப்பூரில் 1994-இலிருந்து 2002 வரை ஹெல்ப் இன் சஃபரிங் என்ற அமைப்பு, நகரின் ஒரு பகுதியை வரையறுத்துக்கொண்டு அதற்குள் விடாமல் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் போட்டுவந்தது. ஏறத்தாழ 25 ஆயிரம் நாய்கள். பெட்டைகளில் 65 விழுக்காடு கருத்தடை ஆன நிலையில் நாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்தது. அந்தப் பகுதியில் மனிதர்களுக்கு ரேபிஸ் வருவது நின்றே போனது. எட்டாண்டு உழைப்புக்கு 28 விழுக்காடுதானா என்று தோன்றலாம். தெருநாய் சில ஆண்டுகள் வாழும். அவை தம் ஆயுளை வாழ்ந்து முடியும்போதுதான் எண்ணிக்கை இறங்கும். அடுத்த மாதமே தெரு காலியாகிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சென்னையில் 2018-இல் எடுத்த கணக்கு சுமார் 57 ஆயிரம் நாய்கள் என்றது. 2024-இல் எடுத்தது 1.81 லட்சம் என்றது. இவ்வளவு பெரிய நகரத்தில் புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை போன்ற சில மையங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்து வந்து செய்தால் எந்தத் தெருவிலும் வேலை முடியாது. உங்கள் தெருவை முடிக்கும் பொறுப்பில் ஒரு பங்கை நீங்கள் எடுத்துக்கொள்வது அதனால்தான்.

முதல் வேலை எண்ணுவது

ஒரு நோட்டு, ஒரு கைபேசி, கூட ஒரு ஆள் போதும். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். வெயில் ஏறினால் நாய்கள் காருக்கு அடியிலும் சாக்கடைப் பாலத்துக்குக் கீழும் போய்ப் படுத்துவிடும். எல்லையை முதலிலேயே வரைந்துகொள்ளுங்கள்: இந்த டீக்கடையிலிருந்து அந்தப் பிள்ளையார் கோயில்வரை, நடுவிலுள்ள மூன்று குறுக்குத் தெருக்கள். பெரிய சாலையோ வாய்க்காலோ ரயில் பாதையோ எல்லையாக அமைந்தால் நல்லது. நாய்களும் பெரும்பாலும் அவற்றைத்தான் தங்கள் எல்லையாக வைத்திருக்கும்.

ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு பக்கமும் ஒரு படம். செவலை, கருப்பி, நெற்றிச்சுட்டி, ஒத்தக்காது என்று தெருவில் வழங்கும் பெயரையே எழுதுங்கள். ஆணா பெட்டையா, காதில் வி வடிவ வெட்டு இருக்கிறதா, மடி இறங்கியிருக்கிறதா, சொறி இருக்கிறதா என்று நாலு குறிப்பு. காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது.

மறுநாளும் அதே நேரத்தில் அதே பாதையில் நடங்கள். முதல் நாள் 18 நாய்கள், இரண்டாம் நாள் 20, அவற்றில் 15 முதல் நாளே பார்த்தவை என்று வையுங்கள். 18-ஐ 20-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 24. உங்கள் எல்லைக்குள் இருப்பவை சுமார் 24. கண்ணில் படாதவற்றையும் சேர்த்துத் தரும் கணக்கு இது. இந்த எண் இல்லாமல் வேலையைத் தொடங்கினால் எப்போது முடிந்தது என்றே தெரியாது.

24 நாய்களில் பெட்டை பத்து இருக்கலாம். விதிகள் இரு பாலுக்கும் கருத்தடை செய்யச் சொல்கின்றன, செய்யத்தான் வேண்டும். ஆனால் இடமும் நேரமும் குறைவாக இருக்கும்போது பெட்டைகளை முந்துங்கள். ஒரே ஒரு ஆண் மிஞ்சினாலும் எல்லாப் பெட்டையும் சினையாகும்; ஒன்பது பெட்டைக்கு முடிந்துவிட்டால் பத்தாவது ஒன்றுதான் ஈன முடியும். ரேபிஸ் தடுப்பூசியில் ஆண், பெண் வேறுபாடே கிடையாது. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

காலமும் முக்கியம். நம் நாட்டுத் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலக் கடைசியில் இணைசேர்ந்து குளிர்காலத்தில் ஈனும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். சித்திரையில் எண்ணத் தொடங்கி ஆவணிக்குள் பெட்டைகளை முடித்துவிட்டால் அந்த ஆண்டுக் குட்டிகளில் பெரும்பகுதி பிறக்காமலே தடுத்துவிடலாம். தையில் தொடங்கினால் பால் கொடுக்கும் தாய்களைத்தான் பார்ப்பீர்கள், கை வைக்க முடியாது. குட்டிகள் பால்குடி மறந்து தானாகத் தின்னத் தொடங்கும்வரை தாயைப் பிரிக்கக் கூடாது.

சோறு போடுபவர்

எல்லாத் தெருவிலும் ஒருவர் இருப்பார். பூக்கார அம்மாவாக இருக்கலாம், இரவுக் காவலாளியாக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். அவர் கையிலிருந்து பிஸ்கட் வாங்கித் தின்னும் நாயை அவரே கழுத்துப்பட்டை போட்டு வண்டியில் ஏற்றிவிட முடியும். அதே நாயை வலையோடு நாலு பேர் துரத்தினால் மூன்று மாதத்துக்கு எந்த வண்டியிடமும் சிக்காது. ஆகவே அவரிடம் முதலில் போங்கள். கேள்வி கேட்கப் போவதுபோல் போகாதீர்கள். தெருவே அவரைத் திட்டிக்கொண்டிருக்கும். நீங்களும் அதற்குத்தான் வந்தீர்கள் என்று நினைப்பார்.

"அம்மா, இந்த செவலைக்கு எத்தன வருஷம் இருக்கும்?"

"அது என் பேத்தி பொறந்த வருஷம் வந்துச்சு. நாலாயிடுச்சு. எதுக்குக் கேக்குறீங்க? பிடிச்சிட்டுப் போயிடுவீங்களா?"

"திரும்பக் கொண்டாந்து இதே எடத்துல விடுவோம்மா. நீங்களே கூட வாங்க, எங்க வைக்கிறாங்கன்னு பாருங்க."

இந்தக் கடைசி வரியைச் சொன்னால் மட்டும் போதாது, செய்ய வேண்டும். ஒருமுறை அவரை மையத்துக்கு அழைத்துச் சென்று காட்டிவிட்டால், எந்தப் பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறது, எது நேற்றிரவு புதிதாக வந்தது என்பதையெல்லாம் அவரே சொல்வார். உங்கள் நோட்டைவிட அவர் நினைவு துல்லியமாக இருக்கும்.

சோறு போடும் இடத்தைப் பற்றிய சண்டையையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். 2023 விதிகளின்படி குடியிருப்போர் சங்கமே இடம் ஒதுக்க வேண்டும்: குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து தள்ளி, குழந்தைகளும் முதியவர்களும் நடமாடாத வேளையில். சோறு போடுபவர் மிச்சத்தை அள்ளி இடத்தைச் சுத்தமாக்க வேண்டும். ஒப்புக்கொண்ட இடத்தில், ஒரே நேரத்தில் போடும் சோறு நாய் பிடிப்பதற்கும் உதவும். ஆறு மணிக்கு எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

இன்னொரு சோறும் உண்டு. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கறிக்கடைக் கழிவு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, மூடியில்லாத குப்பைத் தொட்டி. ஒருவர் போடும் இரண்டு கிலோ சோற்றுக்குத் தெரு மொத்தமும் கொதிக்கும். மண்டபத்துப் பின்புறம் கிடக்கும் ஐம்பது கிலோ யார் கண்ணிலும் படாது. கறிக்கடைக்காரரிடம் மூடிய டிரம் வைக்கச் சொல்லுங்கள், மண்டபத்தாரிடம் அன்றிரவே அள்ளச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் கருத்தடை மட்டும் செய்தால் வெளி நாய்கள் வந்துகொண்டே இருக்கும்.

பிடிப்பதும் விடுவதும்

உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு இது; அனுமதி பெற்ற அமைப்புகள்தான் செய்யலாம். சென்னையில் 1913-க்கு அழைத்துச் சொல்லலாம்; மற்ற ஊர்களில் நகராட்சி சுகாதாரப் பிரிவிலோ கால்நடை மருத்துவமனையிலோ எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டின் நகலையும் படங்களையும் சேர்த்துக் கொடுத்தால் வருகிறவர்களுக்குப் பாதி வேலை குறையும்.

கையால் பிடிப்பதே முதல் வழி, அடுத்தது வலை. கழுத்தை இறுக்கும் கம்பிச் சுருக்கும் இரும்பு இடுக்கியும் கொண்டுவந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். அவை குரல்வளையைக் கிழிக்கும். அதைப் பார்த்த மற்ற நாய்களும் தப்பிக்கக் கடிக்கத் துணியும். ஏற்றும்போதே எந்த நாய், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கழுத்தில் எண் வில்லை கட்ட வேண்டும். இந்தச் சின்ன வேலையில் சோம்பல் பட்டால் செவலையைக் கொண்டுபோய் மூன்று தெரு தள்ளி விட்டுவிடுவார்கள். தெரியாத தெருவில் விட்ட நாயை அங்குள்ள கூட்டம் கடித்துக் குதறும், அல்லது அது வீடு தேடிப் பெரிய சாலையைக் கடக்கும்போது அடிபடும்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு சோறு கூடாது. மையத்தைப் பார்க்கப் போகும்போது தயங்காமல் கேளுங்கள்: முழு மயக்கம் கொடுக்கிறீர்களா, வலி மருந்து உண்டா, ஒவ்வொரு அறுவைக்கும் கருவிகளைக் கொதியாவியில் சுத்தம் செய்கிறீர்களா, ஒரு கூண்டில் எத்தனை நாய், காயம் ஆறும்வரை வைத்துக்கொள்வீர்களா? பெட்டைக்கு வயிற்றைத் திறந்து சினைப்பையையும் கருப்பையையும் எடுப்பது பெரிய அறுவை. அன்றே வண்டியில் ஏற்றித் தெருவில் விடுவது கொடுமை. இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படும் மையத்துக்கு உங்கள் தெரு நாயை அனுப்பாதீர்கள். வேறு மையம் தூரத்தில் இருந்தாலும் சரி.

மயக்கத்தில் இருக்கும்போதே காது வெட்டும் ரேபிஸ் ஊசியும் முடிந்துவிட வேண்டும். ஊசி ஒருமுறையோடு தீராது. ஆண்டுதோறும் போட வேண்டும். அதற்கு நாயை எங்கும் கொண்டுபோகத் தேவையில்லை. சோறு போடுபவர் பிடித்துக்கொள்ள, கால்நடை மருத்துவர் தெருவிலேயே போட்டுவிடுவார்.

காலையில் விடுங்கள், அதே இடத்தில், சோறு போடுபவரின் முன்னிலையில். தையல் இடத்தில் வீக்கம், சீழ், ஈ மொய்ப்பது தெரிந்தால் ஒரு படம் எடுத்து உடனே மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் தந்த உத்தரவும் இதையே சொன்னது: கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் ஆனபின் பிடித்த பகுதியிலேயே விட வேண்டும், ரேபிஸ் உள்ளவையும் மூர்க்கமாகக் கடிப்பவையும் விலக்கு. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. உங்கள் எல்லைக்குள் அப்படியொரு வளாகம் இருந்தால், அங்கே வேலையைத் தொடங்குமுன் அந்தந்த நாளின் நிலையை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பூனைகள்

பூனையைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை. குட்டிகள் அட்டைப்பெட்டியில் மீன் சந்தையில் விடப்படும்போதும் ஒருவரும் கேட்பதில்லை. நாயைவிடப் பூனை வேகமாகப் பெருகும். நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரும், ஒன்பது வாரத்தில் ஈனும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். நம்முடைய வெப்பநாட்டில் அதற்குக் குறிப்பிட்ட காலம் என்று எதுவும் பெரிதாக இல்லை.

வலை பூனைக்கு ஆகாது, கூண்டுப்பொறிதான். முதல் சில நாள் பொறியின் கதவைத் திறந்தே கட்டிவையுங்கள். சோற்றை முதலில் வாசலில், பிறகு கொஞ்சம் உள்ளே, பிறகு கடைசி மூலையில் வையுங்கள். பூனை தயங்காமல் உள்ளே போய்த் தின்னப் பழகிய பிறகு ஒரு வேளை பட்டினி போட்டு, மறுநாள் மத்தி மீனோ நெத்திலிக் கருவாடோ வைத்துக் கதவை இயங்க விடுங்கள். சிக்கியதும் செய்ய வேண்டியது ஒன்று: தடித்த துணியால் பொறியை முழுக்க மூடுவது. இருட்டானதும் முட்டுவதை நிறுத்தி உட்கார்ந்துவிடும். மூடாமல் வேடிக்கை பார்த்தால் மூக்கு உரிந்து நகம் பிய்யும்வரை முட்டும்.

பொறியில் வந்தது பால் கொடுக்கும் தாயா என்று அடிவயிற்றைப் பாருங்கள். முலைக்காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து பளபளவென்று இருந்தால் எங்கோ ஒரு பரணில் குட்டிகள் காத்திருக்கின்றன. குட்டிகள் கையில் இல்லாமல் அதை அனுப்பாதீர்கள். திறந்து விட்டுவிட்டு, குட்டிகள் வெளியே நடமாடத் தொடங்கிய பிறகு மீண்டும் பிடியுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குட்டிகள் மனிதரிடம் எளிதில் ஒட்டும். வீடு தேடிக் கொடுக்கலாம், கருத்தடைக்கு ஒப்புக்கொள்பவருக்கு மட்டும். தெருவிலேயே வளர்ந்து மனிதனைக் கண்டால் சீறும் பூனையை வீட்டில் அடைப்பது அதற்குத் தண்டனை. காது நுனியை நேராக வெட்டிய அடையாளத்தோடு பழைய மதிலுக்கே அது திரும்பட்டும். கருத்தடை ஆன கடுவன்களின் இரவுச் சண்டையும் மூத்திர நாற்றமும் குறையும். சங்கத்தாரிடம் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள். காது கொடுத்துக் கேட்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. அறுவைக்குப் பிறகு பூனை முனகுகிறதே என்று இரக்கப்பட்டுப் பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கிறார்கள். பூனைக்கு அது விஷம். அரை மாத்திரையே கொன்றுவிடக்கூடும். மருத்துவர் தராத எதையும் கொடுக்காதீர்கள்.

கடி

கருத்தடை வேலையில் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் நாயோ பூனையோ கடித்தாலும் பிராண்டினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். தடுப்பூசி எல்லாத் தவணையும் முடிய வேண்டும். முன்கூட்டித் தடுப்பூசி போடாதவருக்கு ரத்தம் வந்த கடி என்றால் இம்யூனோகுளோபுலினும் கேட்டுப் பெறுங்கள். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிட்டால் பத்து நாள் அதைக் கவனித்து நோய் இருந்ததா என்று அறியும் வாய்ப்பு போய்விடும். கடிபட்ட குழந்தையின் தாயிடம் போய் நாயின் உரிமை பேசாதீர்கள். அவருடன் மருத்துவமனைக்குப் போங்கள், எல்லாத் தவணைக்கும் கூடப் போங்கள்.

முடிந்த பிறகு

தெருவில் பெட்டைகள் எல்லாவற்றின் காதிலும் வெட்டு விழுந்துவிட்டது என்றால் நோட்டை மூடிவிடாதீர்கள். மாதம் ஒருமுறை அதே விடியல் நடை. இனி நீங்கள் தேடுவது வெட்டு இல்லாத காதை மட்டும். பெரும்பாலும் அது வீட்டில் வளர்த்து, பருவத்துக்கு வந்ததும் யாரோ கொண்டுவந்து விட்ட நாயாக இருக்கும். அல்லது பகலில் அவிழ்த்துவிடும் வளர்ப்பு நாயாக இருக்கும். அந்த வீட்டுக்காரரிடம் பேசுவது தெருநாய் பிடிப்பதைவிடக் கடினம். "எங்க டாமி வெளியவே போகாது" என்பார். உங்கள் நோட்டிலுள்ள படத்தைக் காட்டுங்கள். அடுத்த முறை மையத்துக்கு வண்டி போகும்போது டாமிக்கும் ஓர் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லுங்கள். செலவுதான் தடை என்றால் தெருவில் வசூலித்துக் கட்டிவிடலாம். ஒரு ஈற்றுக் குட்டிகளைப் பின்னால் பிடித்துக் கருத்தடை செய்வதைவிட அது மலிவு.

புதிதாக வந்த பெட்டையை அந்த மாதமே அனுப்புங்கள், "இன்னும் நாலு சேரட்டும், ஒரே வண்டியில் அனுப்பலாம்" என்று தள்ளிப்போடாமல். இரண்டு மாதத் தாமதத்தில் நாலு சேர்ந்துவிடும், அவளுடைய குட்டிகளாக. மூன்று மாதம் தொடர்ந்து நடந்தும் வெட்டு இல்லாத பெட்டை ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால், நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, டீக்கடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருவின் பெயரை எழுதுங்கள். அங்கே சோறு போடுபவர் யார் என்பது உங்கள் பூக்கார அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.